வாரத்துக்கு விட்ட எல்லைக்கற்கள்

அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் பொய் என்று சாதித்துவிடுவான். ஆகவே சீங்கைப்பதி என்ற மலைச்சிற்றூருக்கு நடந்தவற்றை, அதன் மனுக்களை எழுதிக்கொடுத்துக் கூடவே அலைந்த கட்சிக்காரன் நான், நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலாவதாக, குதிரைமேல் வந்த ஒரு துரை ஓணான்கரட்டின் உச்சியில் நின்று கையை ஒரு சுழற்றுச் சுழற்றி, கை போன இடமெல்லாம் சர்க்கார் காடு என்றான்; அந்த வட்டத்துக்குள் பதியின் குடிசைகளும், குடிசைகளின் அடுப்புகளும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேழ்வரகுக் கூழும் அகப்பட்டுக்கொண்டன. இரண்டாவதாக, துரை கப்பலேறிய பிறகு வந்த நம்மவர்கள் அதே காக்கியைத் தங்கள் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டு, நாவலும் கடுக்காயும் பூவந்தியும் நின்ற காட்டை வெட்டி லாரியேற்றிவிட்டுத் தைலமரம் நட்டார்கள். நடுவதற்குக் கூலிக்கு அழைத்தது பதிக்காரர்களைத்தான், செத்தவனையே குழி வெட்டச் சொன்ன மாதிரி. மூன்றாவதாக, தைலமரத்தின் கீழே புல் முளைக்காமல் உண்ணிச்செடி புதராக மண்டியபோது, புல்லைத் தின்று தீர்த்தவை பதியின் வெள்ளாடுகள் என்று கண்டுபிடித்து, அத்தனை ஆடுகளையும் பிடித்து ஏலம் விட்டார்கள். ஏலத்தில் போகாத கொழுத்த ஆடுகள் அதிகாரிகளின் இலைக்குப் போயின. நான்காவதாக, காட்டைக் காப்பாற்ற மக்களும் வேண்டும் என்று வெளிநாட்டில் யாருக்கோ ஞானம் பிறந்ததால் கிராம வனக்குழு ஏற்பட்டது. தலைவர் பதிக்காரர், செயலாளர் வன இலாகாக்காரர். கையெழுத்து தலைவருடையது, முடிவு செயலாளருடையது. அந்தக் குழுவின் வழியாகப் பதிக்கு வந்த வளர்ச்சி என்னவென்றால், ஊரிலேயே அதிகமாகப் புகைந்த புகையில்லா அடுப்பும், மலையேறத் தெரியாமல் வழியிலேயே படுத்துக்கொண்ட சீமைப் பசுக்களும், கரண்ட் இல்லாத ஊருக்கு வந்த கரண்ட் தையல் மிஷினும். ஐந்தாவதாக, காடு காட்டில் இருப்பவர்களுக்கே என்று சட்டம் வந்தது. சட்டம் மலையேறி வந்து சேர்வதற்குள் அதற்கு வயதாகிவிட்டது. ஆறாவதாக, தை மாதம் சப் கலெக்டரே வந்து எல்லையைக் காலால் நடந்து பார்த்து, கண்டது கண்டபடி பதிந்து முடிவு சொல்வார் என்று உத்தரவு வந்தவுடன், பதி முழுக்க அடிவாரத்தில் மாரியம்மன் சாட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்த ஒரு நாள் பார்த்து, பழைய எல்லையை விட்டுக் கீழே இறங்கி, சுனையையும் நெல்லித்தோப்பையும் வளைத்து, வெள்ளையடித்த புதுக்கற்களை இலாகா வரிசையாக நட்டுவிட்டது.

ஏழாவது அநியாயத்தைச் செய்வதற்குள் கல் ஈன்றுவிட்டது.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் நஞ்சி குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போனாள். நஞ்சி நாற்பதைத் தொட்டவள். புருஷன் திருப்பூருக்குச் சாயப்பட்டறை வேலைக்குப் போனவன் சாயம் மாறி அங்கேயே வேறு குடும்பக்காரன் ஆகிவிட்டான். அவள் வீடு பதியின் மேல் விளிம்பில் கடைசி வீடு, புதுக்கல் வரிசைக்கு முதல் வீடு. அவள் வாசலுக்கு மேலே நின்ற கல்தான் முதலில் ஈன்றது. இரண்டு குட்டிகள், முழங்கால் உயரம்கூட இல்லை, ஈரம் காயாமல், உச்சியில் சுண்ணாம்பு வெள்ளை இன்னும் முழுதாக ஏறாமல், தாயின் நிழலில் ஒண்டிக்கொண்டு நின்றன. தாய்க்கல் களைத்துப்போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலைச் சுற்றிப் பூசியிருந்த சிமெண்டை உதிர்த்துவிட்டிருந்தது. நஞ்சி சின்ன வயதில் ஆடு மேய்த்தவள். ஈன்ற ஆட்டுக்கு என்ன செய்வாளோ அதையே செய்தாள்: ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள், வீட்டுக்குப் போய் ஒரு கை கேழ்வரகு மாவு கொண்டுவந்து காலடியில் வைத்தாள், காக்கை கொத்தாமல் குட்டிகள்மேல் ஒரு தழையைப் போட்டாள், பிறகு போய் மூப்பனிடம் சொன்னாள். மூப்பன் என்றால் பதிக்குத் தலைவர். அப்போது மசணன் மூப்பனாக இருந்தார்.

"மூப்பா, மேக்கால கல்லு ஈண்டிருக்குது."

"எத்தன?"

"ரெண்டு."

"தாய் நல்லாருக்குதா?"

"களைச்சிருக்குது. தண்ணி ஊத்துனேன்."

"சாம்பல் கொஞ்சம் போட்டு வையி. எறும்பு வராது," என்றார் மசணன், வெற்றிலையை மடித்தபடி. அதற்குமேல் அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றியது பெண்களுக்குத்தான். கிடா எது என்று அவர்கள் கல் வரிசை நெடுகப் போய்ப் பார்த்து, ஒவ்வொரு கல்லாக மேலும் கீழும் ஆராய்ந்து, எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்கிறது, நட்டவர்கள் மேல்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது என்று முடிவு செய்தார்கள்.

காட்டுக் காவலர் பிச்சாண்டிக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. அவன்தான் நட்டபோது கூட நின்றவன். பயந்த சுபாவம், பெரிய குடும்பம்.

"நஞ்சியக்கா, விளையாடாதீங்க. இதை நான் எப்படி ரேஞ்சருக்கு எழுதறது?"

"ஈண்டுச்சுன்னு எழுது."

"கல்லு ஈனும்னு அவரு நம்பவே மாட்டாரு."

"மலையே அவருதுன்னு நம்பறவரு, இத நம்ப மாட்டாராக்கும்."

கார்த்திகை பிறப்பதற்குள் வரிசை முழுக்க ஈன்றது. ஒரு கல் ஒற்றை, ஒரு கல் இரட்டை, தோப்போரத்துக் கிழட்டுக் கல் ஒன்று குறைப்பிரசவமாகக் கூழாங்கற்களை ஈன்றுவிட்டு மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. செய்தி அடிவாரத்துக்கு இறங்கியதும், இறங்கிய வழியாகவே உலகம் மேலே ஏறி வந்தது. கால்நடை மருத்துவர் வந்தார். கல் தன் அட்டவணையில் இல்லை என்று வருத்தப்பட்டார், ஆனாலும் ஏறி வந்த காலுக்கு மரியாதையாகக் குடற்புழு மருந்து ஊற்றிவிட்டுப் போனார். தொண்டு நிறுவனம் ஒன்று ஜீப்பில் வந்து, 'கல் சார்ந்த வாழ்வாதாரம்' என்று பேனர் கட்டி, பதிக்காரர்களை வட்டமாக உட்காரவைத்து, கல்லுக்கும் உங்களுக்கும் உள்ள உறவைப் படமாக வரையுங்கள் என்று கலர் பென்சில் கொடுத்தது. எல்லோரும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஆளுக்கொரு ஆடு வரைந்தார்கள். பிள்ளையில்லாதவர்கள் வந்து தாய்க்கல்லுக்கு மஞ்சள் கயிறு கட்டினார்கள். பகுத்தறிவுக்காரர்கள் வந்து, நேரில் ஈன்று காட்டினால்தான் ஒப்புவோம் என்று ஒரு பகல் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தத் தாய்தான் அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால் ஈனும் என்று நஞ்சி அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள். எங்கள் கட்சியின் மாவட்டக் குழு மட்டும், கல் ஈனுவது இயக்கவியலுக்கு முரணானது, தோழர்கள் இதில் தலையிட வேண்டாம் என்று முடிவெடுத்தது. கல்லுக்கு அந்த முடிவு போய்ச் சேரவில்லை.

இதிலெல்லாம் ஊர் ஒரு விஷயத்தைக் கவனிக்க மறந்துவிட்டது. கவனித்தபோது நஞ்சியின் கொல்லைப்புறத்தில் ஒரு கல் நின்றுகொண்டிருந்தது.

கற்கள் மேய்ந்தன. யார் கண்ணுக்கும் தெரியாமல், ஆலம்பால் வடிகிற மெதுவில், ஈரம் இருக்கும் பக்கமாக நகர்ந்தன. மேலே தைலமரத் தோட்டம். அதன் அடியில் மண் சுட்ட ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. கீழே பதி; குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஓடி, கொல்லைகள் எப்போதும் குளிர்ந்து கிடந்தன. குட்டியும் தாயுமாக எல்லை முழுவதும் ஊரைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது.

ரேஞ்சர் தணிகைவேலு இதைக் கேள்விப்பட்டதும் வாய் கொள்ளாத சிரிப்போடு வந்தார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் சிரமம் இல்லாமல் நடக்கிற எதையும் கடவுள் செயல் என்று நம்புகிறவர், இலாகாவில் அந்த வகையினர்தான் நிறையப் பேர். செலவில்லாமல், ஆளில்லாமல், கோர்ட்டுக்குப் போகாமல் காடு தானாக விரிகிறது என்றால் அவர் ஏன் தடுக்கப் போகிறார்?

"எல்லைக்கல்லு எங்க நிக்குதோ அதுவரைக்கும் ரிசர்வ்," என்றார், நஞ்சியின் கொல்லையில் நின்றுகொண்டு. "தையில சப் கலெக்டர் வருவாங்க. அன்னிக்கு நிக்கற எடத்தப் பதிஞ்சுட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது. இன்னும் ஒரு மழை பெஞ்சா உன் அடுப்பு எங்க அடுப்பு."

"அப்ப சாம்பலையும் நீங்களே வந்து அள்ளிக்கங்க சார்," என்றாள் நஞ்சி. வாய்தான் அப்படிச் சொன்னது. அவளுக்கு வேறு வீடு இல்லை, வேறு ஊர் தெரியாது. சுனையும் தோப்பும் ஏற்கெனவே கல்லுக்கு அந்தப் பக்கம் போயிருந்தன. இனி அடுப்பும் போனால், அவள் தன் அடுப்படியில் குந்துவதற்கே ஆக்கிரமிப்பு வழக்குப் போடுவார்கள். அவளுக்குப் பின்னால் மற்ற வீடுகள் இருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக.

அன்றைக்கு ரேஞ்சருக்கு அந்த மகிழ்ச்சியை அளந்து பார்க்க ஆசை. தாய்க்கல்லின் கழுத்தில் ஒரு கயிற்றைச் சுருக்குப் போட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நடந்தார். வெயில் சுட்டது, பசித்தது. கயிற்றின் முனையை நஞ்சியின் கையில் கொடுத்தார்.

"இந்தா, இதைப் பிடி. நான் சாப்டுட்டு வரேன். நீயே பாத்துக்க."

மசணனும் பிச்சாண்டியும் பக்கத்தில் நின்றார்கள். ரேஞ்சர் சாப்பிடப் போனவர் சாப்பிட்ட இடத்திலேயே படுத்துவிட்டார், அன்றைக்குத் திரும்பவில்லை. ஜீப் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த மசணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு பேரு முன்னால சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு?" என்றான் பிச்சாண்டி.

"வாரத்துக்கு விட்டுட்டாரு."

மலையில் இதற்குப் பத்திரம் கிடையாது. ஆடோ மாடோ வைத்திருப்பவன் மேய்க்க முடியாமல் போனால், அதன் கழுத்துக் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்து, இரண்டு பேர் காதில் விழும்படி 'நீயே பாத்துக்க' என்று சொன்னால் போதும், அது வாரம். தாய் உடையவனுக்கே சொந்தம். போடும் குட்டியில் பாதி மேய்த்தவருக்கு. கொடுத்த கயிற்றைத் திருப்பி வாங்குவது பெண் கொடுத்துவிட்டுப் பெண்ணைத் திருப்பிக் கூப்பிடுகிற மாதிரி. ஆண்பிள்ளைகள் செய்ய மாட்டார்கள்.

"அவரு அளக்கறதுக்குக் குடுத்தாரு மூப்பா," என்றான் பிச்சாண்டி.

"கழுத்துல கயிறு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பாத்துக்கன்னு சொன்னாரா?"

பிச்சாண்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "சொன்னாரு."

நஞ்சி கயிற்றைக் கீழே போடவில்லை. கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். அடியில் தட்டிப் பார்த்தாள். "மூப்பா, கல்லு ஊருமேல ஆசைப்பட்டு எறங்கல. மேல திங்க ஒண்ணுமில்லாம எறங்குது," என்றாள். "மேல ஈரம் பண்ணிக் குடுத்தா மேல போவும்."

அதன்பிறகு கார்த்திகையும் மார்கழியும் பதி செய்த வேலையை, இலாகாவின் அறிக்கைகளில் பல வருஷமாக வாசித்திருக்கிறேன்; நிலத்தில் நடந்து அப்போதுதான் பார்த்தேன். ஒருத்தியால் அத்தனை கல்லை மேய்க்க முடியாது என்பதால் ஊரே மேய்த்தது. மேய்ச்சலுக்கு வழி வேண்டும் என்று உண்ணிச்செடியை வேரோடு கெல்லி எறிந்தார்கள். கெல்லிய இடத்தில் புல் எட்டிப் பார்த்தது. ஈரம் நிற்க வேண்டும் என்று சரிவின் குறுக்கே பள்ளம் பறித்தார்கள். கடைசி மழை அதில் தங்கி, மண்ணுக்குள் இறங்கி, வற்றிக்கிடந்த ஓடையொன்றில் முணுமுணுத்தது. கற்கள் தைலமர நிழலைக் கண்டால் நின்ற இடத்திலேயே நின்று பிடிவாதம் பிடித்தன, ஆகவே தைலமரத்துக்கு நடுவே நாவலும் கடுக்காயும் நெல்லியும் ஊன்றி, ஊன்றிய கன்றுக்கு ஓலை கட்டி நிழல் செய்தார்கள். தீ வராமல் சருகு கூட்டிப் பாதை விட்டார்கள். இதெல்லாம் காட்டைக் காப்பாற்றுவதற்காக என்று யாரும் நினைக்கவில்லை. கல்லுக்குத் தீனி வேண்டும், அவ்வளவுதான். காடு அதைப் பெரிதுபடுத்தாமல் திரும்பி வந்தது: முதலில் கௌதாரி வந்தது, கௌதாரியைத் தேடி நரி வந்தது, ஒரு விடியலில் யானைக்கூட்டம் ஒன்று குட்டிக்கற்களை மிதிக்காமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கடந்து போயிருந்ததைத் தடம் பார்த்துச் சொன்னார்கள். கற்களும் பின்னாலேயே ஏறின, ஒவ்வொரு காலையிலும் இன்னும் கொஞ்சம் மேலே. நஞ்சியின் கொல்லையை விட்டு, தோப்பைத் தாண்டி, சுனையைத் தாண்டி, துரை கை சுழற்றிய உச்சியை நோக்கிப் போய்க்கொண்டேயிருந்தன. இலாகா உடனே பச்சைப் பெயிண்டில் ஒரு போர்டு வைத்தது: 'மக்கள் பங்களிப்புடன் இலாகாவால் மீட்கப்பட்ட காடு.' அந்தப் போர்டின் மேல் ஒரு குரங்கு செய்ததை அச்சில் எழுத முடியாது.

போர்டு திறக்க வந்தபோதுதான் ரேஞ்சர் எல்லையைப் பார்த்தார். எல்லை அங்கே இல்லை. கண்ணுக்கு மேலே கையை வைத்து உச்சியில் தேட வேண்டியிருந்தது.

"கல்லை நகர்த்தினது யாரு?" என்றார். "ஜாமீன் கிடையாது, தெரியுமில்ல?"

"நகத்தல சார், மேச்சோம்," என்றாள் நஞ்சி.

"யாரு சொல்லி?"

"நீங்கதான் கயிறு குடுத்தீங்க."

ரேஞ்சர் பிச்சாண்டியைப் பார்த்தார். பிச்சாண்டி தரையைப் பார்த்தான்.

"குடுத்தீங்க சார்," என்றான். "பாத்துக்கன்னும் சொன்னீங்க."

தணிகைவேலு முட்டாள் இல்லை. வழக்குப் போட்டால், எல்லைக்கல் ஈன்றதையும் அது மேய்ந்ததையும் தானே எழுத்தில் கொடுக்க வேண்டிவரும், மேலிடத்தில் சிரிப்பார்கள். போர்டின் நிழலில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். யோசித்து முடித்தபோது முகம் தெளிந்திருந்தது.

"சரி. உங்க வழக்கத்துக்கே வரேன். வாரம்னா வாரம். தாய் எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தான்," என்றார் மசணன்.

"குட்டியில பாதி?"

"அதுவும்."

"அப்ப இன்னிக்கே பங்கு பிரி. என்னோடத நான் எடுத்துக்கறேன்."

மறுநாள் சப் கலெக்டர் வருவதாக இருந்தது. ரேஞ்சரின் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது: தாய்களையும் தன் பாதியையும் லாரியில் ஏற்றி, அடிவாரத்து கெஸ்ட் ஹவுஸில் ஒரு ராத்திரி வைத்திருந்து, விடிந்ததும் முதல் வேலையாகப் பதியின் கொல்லையில் நட்டுவிடுவார், குட்டிகளை நம்பி நிற்கிற எல்லையை விடத் தாய்கள் நிற்கிற எல்லைக்குத்தான் மதிப்பு. புரிந்து என்ன செய்ய? வழக்கம் என்று சொன்னது நாம், வழக்கப்படி கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மேய்த்தவர் இரண்டாகப் பிரிக்க வேண்டும், உடையவன் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். நஞ்சி பிரித்தாள், நேர்மையாகப் பிரித்தாள். ரேஞ்சர் கொழுத்த பக்கத்தை எடுத்தார். மிச்சமிருந்த, பெரும்பாலும் பிந்தி ஈன்ற பொடிக் குட்டிகளுக்கு, ஆட்டுக்குக் காது கீறுகிற மாதிரி, அவள் ஒவ்வொன்றின் நெற்றியிலும் செம்மண்ணைக் குழைத்துப் பொட்டு வைத்தாள்.

லாரியில் பலகை சாய்த்துத் தாய்க்கற்களை ஏற்றும்போது மட்டும் அவள் கிட்டே போனாள்.

"தாயை இப்ப ஏத்தாதீங்க சார். குட்டிங்க இன்னும் பால் மறக்கல."

"கல்லுக்கு ஏதும்மா பாலு?"

"அதை அது ஈனறதுக்கு முந்தி கேட்டிருக்கோணும்."

"ஏய், ஏத்துடா," என்றார் ரேஞ்சர் லாரிக்காரனிடம்.

விடிந்தபோது நஞ்சி உச்சிச்சரிவுக்கு ஓடினாள். முதிர்ந்த குட்டிகள் சில மேலே அப்படியே நின்றன. பொடிக் குட்டிகள் இருந்த இடமெல்லாம் பிடுங்கிய பல்லுக்குழி மாதிரி பள்ளம் பள்ளமாக இருந்தது. எல்லை பொக்கையாக இருந்தது. அவள் அந்தப் பள்ளங்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். மசணன் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"போச்சா?"

"போச்சு மூப்பா. சப் கலெக்டரு வந்து பாத்தா, எல்லையே இல்லாத ஊருன்னு எழுதிட்டுப் போயிருவாங்க."

மசணனும் உட்கார்ந்தார். வாயில் வெற்றிலை இல்லாமல் அவர் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆடு போனபோது நஞ்சி அழவில்லை, புருஷன் போனபோதும் அழவில்லை. அன்றைக்கு அழுதாள், சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபோது, பனி படிந்த புல்லில் கோடு கோடாகத் தடம் தெரிந்தது. ஒன்றிரண்டல்ல, பொடிப்பொடியாக நிறைய. ஊரை வலம் வந்து, பலவீனமான சில குட்டிகள் களைத்து ஆங்காங்கே நின்றுவிட, மற்றவை எங்கும் தங்காமல் அடிவாரத்தை நோக்கி இறங்கியிருந்தன.

"மூப்பா," என்றாள், "தாயத் தேடிப் போயிருக்குதுங்க."

தடத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் இறங்கினோம். கெஸ்ட் ஹவுஸ் புல்தரையில், எங்கள் சுனையிலிருந்து குழாய் போட்டு ஊற்றி வளர்த்த அந்தப் பச்சைப் புல்தரையில், லாரியிலிருந்து இறக்கிய தாய்க்கற்கள் நின்றன. வேலிக்கு வெளியே, செம்மண் பொட்டு வைத்த குட்டிகள், கட்டடத்தை ஒரு சுற்றாகச் சுற்றி, தோளோடு தோள் ஒட்டி, உள்ளே பார்த்தபடி நின்றன. சமையல்காரன் அவற்றைத் தாண்டி வெளியே வரப் பயந்து ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான்.

சப் கலெக்டர் விடியலிலேயே வந்து இறங்கியிருந்தார். சின்ன வயசு அம்மாள். எங்களுக்கு வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. விதியில் உள்ளதைச் செய்வார், இல்லாததைச் செய்ய மாட்டார். எங்கள் பக்கத்தில் அதுவே கொம்புத்தேனை விட அபூர்வம். அவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சிவப்புப் பொட்டு வைத்த கற்கள் யாருடையவை?"

"அது பதிக்காரங்க பங்கு மேடம்," என்றார் ரேஞ்சர். தூக்கம் கலையாத வாய்.

"பங்கா? யார் பிரித்துக் கொடுத்தது?"

ரேஞ்சருக்குத் தூக்கம் கலைந்தது.

"சார்தானுங்க வந்து கேட்டு வாங்குனாரு," என்றார் மசணன் பணிவாக. "கொழுத்த பக்கத்தை அவரே எடுத்துக்கிட்டாருங்க. லாரியும் அவருதுங்க."

"அப்படியானால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எல்லை," என்றார் சப் கலெக்டர். காபியை வைத்துவிட்டு, காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பொட்டு வைத்த ஒரு கல்லிலிருந்து அடுத்த பொட்டு வைத்த கல்லுக்கு நடந்தார். களைத்து நின்ற குட்டிகள் வழிகாட்டின. ஊரைச் சுற்றி, தோப்பைச் சுற்றி, சுனையைச் சுற்றி, பொக்கை விழுந்த உச்சியில் மிஞ்சி நின்றவற்றைத் தொட்டு, மறுபக்கமாக இறங்கி, வெயில் ஏறும்போது புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். அவர் நடந்த வட்டத்துக்குள் அத்தனையும் இருந்தது. நஞ்சியின் அடுப்பு இருந்தது. கெஸ்ட் ஹவுஸும் இருந்தது.

கண்டது கண்டபடி பதிந்தாயிற்று. பதிந்த பிறகு அவர் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இதில் யாராவது நிரந்தரமாகத் தங்கியிருக்கிறார்களா?"

ரேஞ்சர் குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது என்று சொல்லி, பல வருஷமாக அந்தக் கட்டடத்தின் நல்ல அறையில்தான் குடியிருந்தார். கொடியில் அவர் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் பனியனைப் பார்த்தோம்.

"மேடம், நான் அரசாங்க ஊழியர்," என்றார் ரேஞ்சர்.

"இப்போது இது மக்களின் காடு. உள்ளே இருப்பவருக்கு அவர்களிடம் உரிமை இருக்கிறதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்."

நஞ்சி முன்னால் வந்தாள். கேலியாக இல்லை, விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள்.

"மூணு தலமொறையா இங்கயே இருந்ததுக்கு ஆதாரம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா சார்?"

"எங்கப்பா பலராமன், ஆரணியில வாத்தியாரு," என்றார் தணிகைவேலு. ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"பரவால்லீங்க. ஆடு மேய்க்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"தேனெடுக்க?"

ரேஞ்சர் தலையை அசைத்தார்.

"அப்ப நாங்க என்னன்னு சொல்றது," என்றாள் நஞ்சி, மசணனைப் பார்த்து. மசணன் உதட்டைப் பிதுக்கினார்.

சப் கலெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உரிமையில்லாமல் குடியிருப்பவருக்குக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பை அந்தப் பகுதிக் காவலர் அந்த இடத்திலேயே, இரண்டு சாட்சிகள் முன்னால், பெயரும் தகப்பன் பெயரும் சொல்லி உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி, அதை முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்றார். சாட்சிகளாக நஞ்சியும் மசணனும் நின்றார்கள். பிச்சாண்டியைக் கூப்பிட்டார்கள்.

இந்த அறிவிப்பைப் பிச்சாண்டி தன் சர்வீஸில் எத்தனையோ குடிசை வாசலில் படித்தவன். யார் முகத்தையும் பார்க்காமல், குடிசையின் கூரையைப் பார்த்து, ரேஷன் கடையில் எண் கூப்பிடுகிற குரலில் படிப்பான். அன்றைக்கு அவன் காகிதத்தை இரண்டு முறை மடித்துப் பிரித்தான். ஒரு முறை ரேஞ்சரைப் பார்த்தான். ரேஞ்சர் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே, குட்டிகள் தாய்களை நெருங்கி இன்னும் ஒரு விரல் அகலம் உள்ளே வந்திருந்தன.

"படி பிச்சாண்டி," என்றாள் நஞ்சி. "எங்களுக்குக் கேக்கற மாதிரி படி."

பிச்சாண்டி தொப்பியைச் சரிசெய்தான். பிறகு, அவன் குரலில் அதுவரை நாங்கள் யாரும் கேட்டிராத ஒரு தெளிவோடு, ஒவ்வொரு எழுத்தாக, மலைக்கு எட்டும்படி படித்தான்:

"ஆரணி வாத்தியார் பலராமன் மகன் தணிகைவேலு."